பிள்ளையை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்குத் திட்டம் வகுக்கிற அதிகாரிகளுக்கு,

"பெற்றோரின் சொந்தப் பிரச்சினைகள் இத்திட்டத்தின் வரம்புக்குள் வராது." எங்கள் பள்ளி எழுதிய கடிதத்துக்கு மேலிருந்து வந்த பதில் இந்த ஒரே வரிதான். நாங்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை மனநல ஆலோசகர் பார்த்தார். அவனுடைய அம்மாவையும் யாராவது பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கும் உதவி தேவை என்று எழுதியிருந்தோம். வரம்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இந்தப் பதிலை ஃபைலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பெரும்பாலோர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். பிள்ளை எழுந்ததா, சாப்பிட்டதா என்று பார்க்க ஆள் இருக்கும் வீடும் உண்டு, இல்லாத வீடும் உண்டு. அப்பாக்களில் சிலர் தோல் தொழிற்சாலையில், சிலர் லாரியில், சிலர் எங்கே என்று வீட்டுக்கே தெரியாது.

அந்தப் பையன் வியாழக்கிழமைகளில் வரமாட்டான். முதலில் இதை நாங்கள் கவனிக்கவில்லை, ஏனென்றால் வேறு நாட்களிலும் அவ்வப்போது வயிற்றுவலி என்று லீவு போடுவான். ஒருநாள் வருகைப் பதிவேட்டை மொத்தமாகப் புரட்டியபோதுதான் வியாழன் வியாழனாகக் கோடு விழுந்திருப்பது தெரிந்தது. வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். கண்ணாடி போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி மாலைத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் அவனுடைய பாட்டி பள்ளிவாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஓதி ஊதிக்கொண்டும் வந்தார். (இதைக் கேலி செய்ய மாட்டேன். பிள்ளை பயந்திருக்கிறான் என்று முதலில் கண்டுபிடித்தது அந்தப் பாட்டிதான். ஸ்கேன் அல்ல.)

வியாழக்கிழமை அவர்கள் தெருவில் குழு லோன் வசூல் நாள். அந்த அம்மாவுக்கு ஒன்றுக்கு மேல் லோன். புருஷன் வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது, குடிக்கிறார். வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார், இவள் கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், அவர்களும் வந்து நிற்பார்கள். இந்தப் பெண் புதன்கிழமை ராத்திரி தூங்குவதில்லை. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் வேர்வை. பையன் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "நான் எதுவும் காட்டிக்கிறதே இல்ல டீச்சர். ஆனா எனக்கு வயித்தக் கலக்குச்சுன்னா அவனுக்கு அப்பவே வலி வந்துடுது."

ஆலோசகர் வந்தார். நல்ல பெண், பொறுமையாகப் பேசினார். பையனுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவன் அதை அக்கறையாகச் செய்தான். வகுப்பில் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் "பெற்றோருக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதி, கையெழுத்து வாங்கி முடித்துவிட்டார்கள். அந்த அறிவுரை என்னவென்று அவளிடம் கேட்டேன். "உங்க டென்ஷன பையன்கிட்ட காட்டாதீங்கன்னு சொன்னாங்க" என்றாள். பி.பி. இருநூறு இருக்கிறவரிடம் பி.பி.யைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவீர்களா? மாத்திரை கொடுப்பீர்கள், அடுத்த மாதம் வரச்சொல்லித் தேதி போடுவீர்கள். வராவிட்டால் வீடு தேடி ஆள் அனுப்புவீர்கள்.

நான் இதை ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். நன்றாகப் படிப்பாள், ஆனால் எழுந்து நின்று ஒரு வரி வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, பக்கத்துப் பள்ளியில் கண்காட்சி, எதற்கும் அனுப்பமாட்டார்கள். அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மகள் போய்ச் சேர்ந்தாளா என்று பள்ளிக்குப் போன் வரும், மதியம் சாப்பிட்டாளா என்று வரும், மழை பிடித்தால் வரும். அந்த மனிதர் நெஞ்சுவலி என்று ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் ஓடினார், மறுபடியும் வாயு. திடீரென்று உயிரே போய்விடும் போல வருகிற பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது என்று அங்கே ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. தாளை மட்டும் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்.

மகள் அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டாள்? வெளியே போனால் ஏதாவது நடக்கும். நெஞ்சு அடித்துக்கொண்டால் அது சாவுக்கு அடையாளம். அவர் இதைப் பாடமாக நடத்தவில்லை. பாசம்தான் காட்டினார்.

உங்கள் மேசையில் இருக்கிறவர்கள் இதை ஆசிரியையின் ஊகம் என்று ஒதுக்கிவிடலாம் என்பதால், பிறர் ஆராய்ந்து கண்டதையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் அமெரிக்காவில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். கண்ணாடி போட்ட மேசை. ஓர் இடத்தில் கீழே பள்ளம் போலத் தெரியும், ஆனால் விழ முடியாது. குழந்தை தவழ்ந்து வந்து, அந்த இடத்தில் தயங்கி, எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒரு குழந்தைகூடத் தாண்டவில்லை. அந்த அம்மாக்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நடக்கத் தெரியாத வயதிலேயே பெற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் எது ஆபத்து என்று பிள்ளை முடிவுசெய்கிறது. "பிள்ளையிடம் காட்டாதே" என்கிற அறிவுரை ஏன் பலிக்காது என்பதற்கு இது போதும்.

இது பரம்பரை, ரத்தத்தில் வருவது, நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்பவர்களும் உண்டு. மரபுக்குப் பங்கு இருக்கிறதுதான். ஆனால் ஸ்வீடனில் இரட்டையர்களின் குடும்பங்களை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு, மரபைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெற்றோரின் பதட்டம் வளரும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது என்று காட்டியது. அதாவது, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதன் வழியாக. இதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ரத்தத்தை மாற்ற முடியாது, வீட்டில் நடப்பதை மாற்ற முடியும்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட 151 அம்மாக்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அமெரிக்காவில் மிர்னா வைஸ்மன் குழுவினர் தொடர்ந்து பார்த்தார்கள். 2006இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் குணமான அம்மாக்களின் பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல்கள் 11 சதவீதம் குறைந்திருந்தன. குணமாகாத அம்மாக்களின் பிள்ளைகளிடம் 8 சதவீதம் கூடியிருந்தன. அங்கே மருந்து கொடுத்தது அம்மாவுக்கு, பிள்ளைக்கு அல்ல. 2015இல் கோல்டா கின்ஸ்பர்க் என்பவரின் ஆய்வு வந்தது. பதட்டநோய் உள்ள பெற்றோரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துச் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற குடும்பங்களில் பத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாகவே பதட்டநோய் வந்திருந்தது. அந்தப் பயிற்சி பெறாத குடும்பங்களில் 31 சதவீதம். 2020இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் ஒருபடி மேலே போனார். பதட்டநோய் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேரைச் சிகிச்சையாளர் பார்க்கவே இல்லை, அவர்களுடைய பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. இரண்டு பக்கமும் பலன் ஒன்றுபோலவே இருந்தது.

இவையெல்லாம் வெளிநாடு என்பீர்கள். சரி, உள்ளூருக்கு வருகிறேன். எங்களுக்குப் பக்கத்தில், வேலூர் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து மருத்துவர்கள் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. 11 சதவீதத் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. காரணங்களாக அவர்கள் எழுதியதைப் படியுங்கள்: வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த கஷ்டங்கள், கைகொடுக்க ஆளில்லாமை. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்படமாட்டார்கள். கர்ப்பமானதும் பிக்மி என்கிற பதிவு எண் போடுகிறீர்கள், எடை பார்க்கிறீர்கள், ரத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்க்கிறீர்கள். இரண்டாம் வகுப்பில் அம்மாவின் முந்தானையை விடாமல் அழுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தவள். அவளைப் பெற்ற நாளிலிருந்து அந்த அம்மா சரியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. "மனசு எப்படி இருக்குன்னு எப்பவாவது கேட்டாங்களா?" என்று அவளிடம் கேட்டேன். "ஊசி போட்டாங்களான்னுதான் கேப்பாங்க" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவதே தப்பான கைக்குப் போய்விடும். பெற்றோரால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஏற்கெனவே ஆள் நிறைய. பையன் படிக்கவில்லையா, அம்மா சரியில்லை. பெண் பேசவில்லையா, அம்மா வளர்ப்பு. பதட்டமுள்ள பெற்றோரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பதட்டநோய் வருவதில்லை. பிள்ளையின் பயமும் பெற்றவரை ஆட்டிவைக்கும். மகன் வாந்தி எடுத்தால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? பயந்த பிள்ளையை வற்புறுத்தாமல் வீட்டில் வைத்துக்கொள்வதும், அவனுக்குப் பதில் தானே பேசிவிடுவதும், ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதும் எந்தப் பெற்றோரும் செய்யக்கூடியவைதான். அதுவே பயத்தை வளர்க்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? லெபோவிட்ஸின் பயிற்சி முழுக்க அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது: பயத்தைக் கேலிசெய்யாமல், அதேசமயம் அதற்கு அடிபணியாமல் பிள்ளையோடு நிற்பது எப்படி. திட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. குற்றவாளியாகவோ தகவல் சொல்ல வந்தவராகவோ உட்காரவைக்காமல், அந்தப் பெற்றோரை ஒரு நோயாளியாக மதித்து உட்காரவையுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அம்மாக்களை மட்டும் அழைப்பதையும் நிறுத்துங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவாக இருந்தாலும் ஆலோசகர் வரச்சொன்னாலும் வேலையை விட்டு ஓடி வருவது பெண்கள்தான். குடிக்கிற அப்பா, மார்க்கைப் பார்த்துப் பெல்ட்டைக் கழற்றுகிற அப்பா, லாரி ஓட்டமுடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பா ஆகியோரின் பெயர் படிவத்தில் "தந்தை பெயர்" என்ற இடத்தைத் தாண்டி எங்கும் வருவதில்லை.

ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் என்ன செய்கிறீர்கள்? கூட இருக்கிற எல்லோரையும் பரிசோதிக்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு டெங்கு என்றால் அடுத்த நாளே தெரு முழுக்கத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க ஆள் வருகிறது. அப்போது யாரும் வரம்பு பேசுவதில்லை. பள்ளிக்கு ஆண்டுதோறும் வருகிற ஆர்.பி.எஸ்.கே. குழு, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டு கண், பல், தோல், இதயம் எல்லாம் பார்க்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு அதனால் உயிரே பிழைத்திருக்கிறது, மறுக்கவில்லை. இந்த அக்கறையெல்லாம் மனசு என்று வந்தால் மட்டும் பள்ளிக் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுவதைத்தான் கேட்கிறேன்.

சட்டமும் உங்கள் பதிலுக்குத் துணை நிற்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவு, அரசு நடத்துகிற அல்லது அரசு நிதி பெறுகிற மனநல சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அந்தப் பையனின் அம்மாவும் அந்த ஒவ்வொருவரில் ஒருத்திதான். மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே நாட்டில் தொடங்கிவிட்டது. 2022 அக்டோபரிலிருந்து மனநல உதவிக்கு 14416 என்கிற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. எங்கள் வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதட்டம், சோர்வு போன்ற பொதுவான மனநலச் சிக்கல்கள் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள்.

ஏன் போவதில்லை என்று கேட்டால், பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று ஊர் பேசும் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுக்கிறார்கள். ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளம். லோன் கட்ட வைத்திருக்கிற சம்பளம். பதட்டத்துக்கு மருந்து வாங்கப் போனதாலேயே பதட்டம் கூடும் என்றால் யார் போவார்கள்?

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். உண்மை; மனநல மருத்துவர்களை ஒரே நாளில் உண்டாக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் மருத்துவர் தேவையில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், நம் கிராம சுகாதார செவிலியரைப் போல வீடுவீடாகப் போகிற பெண் ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ள தாய்மார்களோடு பேசவைத்தார்கள். அதுபற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. பிரசவமாகி ஆறு மாதத்தில், பேசப்பட்ட தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு நீடித்தது. மற்றக் கிராமங்களில் 53 சதவீதம். குழந்தைகளின் உயரமும் எடையும் அதனால் கூடவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அம்மாவும் அப்பாவும் குழந்தையோடு விளையாடுகிற நேரம் கூடியது. நம்மிடம் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பி.பி.யும் சுகரும் பார்க்கத் தன்னார்வலர் அம்மா எங்கள் தெருவுக்கு வருகிறார். அவருக்கு ஒவ்வொரு வீட்டின் கதையும் தெரியும். உங்கள் கணினியில் இல்லாத தகவல் அவருடைய நோட்டில் இருக்கிறது.

இனி, என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் படிவத்தை மாற்றுங்கள். "பெற்றோருக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதி ஒரு பிள்ளையின் கோப்பை முடிக்க இனி யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. பதட்டத்துக்காக ஒரு பிள்ளையைப் பார்த்தால், வீட்டில் இருக்கிற பெரியவர்களின் தூக்கம், பயம், சோர்வு, குடி பற்றியும் மரியாதையாகக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால், அவர்கள் சம்மதத்தோடு, எந்த நாள், எந்த இடம், யாரைப் பார்ப்பது என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். போனார்களா என்று பிறகு ஒருவர் விசாரிக்க வேண்டும். பெற்றோர் சொன்ன விவரங்கள் பிள்ளையின் பள்ளி ஆவணத்தில் ஏறக் கூடாது. எங்களுக்கே தெரிய வேண்டாம். தயவுசெய்து இதற்காக, பள்ளி விவரங்களைப் பதிகிற எமிஸ் செயலியில் இன்னொரு கட்டத்தைச் சேர்த்து ஆசிரியர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போகிற பகுதிகளில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் மாலையிலாவது, அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது மனநலப் பிரிவு நடக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வருகிற நாளை அதற்கேற்ப மாற்றினால் போதும், புதுக் கட்டடம் கேட்கவில்லை. கதவில் மனநலம் என்று பெரிய போர்டும் வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா, மனசு சோர்ந்து போயிருந்ததா என்கிற இரண்டு கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கின்றன. பதட்டத்துக்கும் அதேபோல இரண்டு. பி.பி. கருவியைக் கட்டுகிற நேரத்தில் கேட்டுவிடலாம். புதுத் தாய்மார்களுக்கு, ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போதே பிரசவகாலச் சோர்வுக்கான பத்துக் கேள்விகளையும் கேளுங்கள். 1987இல் உருவான அந்தக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கேட்டபின் அனுப்ப இடம் இருக்க வேண்டும் என்பதால்தான் மாலைப் பிரிவை முன்னாலேயே சொன்னேன். இடம் இல்லாமல் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல்.

நெஞ்சுவலி என்று வந்து ஈ.சி.ஜி. நார்மலாக இருப்பவரை வாயு என்று சொல்லி அனுப்பும் முன், இந்தப் பயம் அடிக்கடி வருகிறதா என்று அவசரப் பிரிவு மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். குடியை நிறுத்த விரும்புகிற அப்பாக்களுக்கான சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற விவரத்தைப் பள்ளிக்குத் தாருங்கள். கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுமே இல்லை.

கடன் விஷயம் உங்கள் துறையில் வராது என்று தெரியும். ஆனால் கடன்காரர்களின் அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசே சட்டம் கொண்டுவந்திருக்கிறது. வசூல் நாளில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்று வருகைப் பதிவேடு காட்டினால், குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் தெருவை மட்டும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுதத் தலைமையாசிரியர்களுக்கு அதிகாரம் கொடுங்கள். அந்த அம்மாவின் பதட்டத்தை மாத்திரை மட்டும் தீர்க்காது. வாசலில் ஆள் உட்கார்ந்திருப்பதும் நிற்க வேண்டும்.

ஆலோசகர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அவர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்து ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள். பிள்ளை ஒருவரை நம்பிப் பேசத் தொடங்கும்போது அவர் போய்விடுகிறார்.

கடைசியாக, இந்த மடலுக்குப் பதில் எழுத்தில் வேண்டும். எங்கள் பள்ளி அனுப்பிய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, அந்தத் தாயை யார், எப்போது பார்ப்பார் என்று தெரிவியுங்கள். இல்லை, வரம்பில் வராது என்பதே இப்போதும் உங்கள் முடிவு என்றால், எந்த அரசாணையின் எந்தப் பிரிவு அப்படிச் சொல்கிறது என்று எண்ணோடும் தேதியோடும் எழுதுங்கள். முன்பு வந்த பதிலில் அது இல்லை.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
ராணிப்பேட்டை மாவட்டம்